இரண்டு வினாடி

எங்கள் ஹெச்.ஆர். மேலாளரை எனக்கு முதல் நாளிலிருந்தே ஆகாது. ஓசூரில் ஒரு தொழிற்சாலை. அங்கே நான் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன்.

கம்பெனி பஸ்ஸுக்குப் புதிதாக ஓர் இணையப் பக்கம் வைத்தார்கள். தாலுகாவைத் தேர்ந்தெடுத்தால்தான் அதன் ஊர்ப் பட்டியல் அடுத்த பெட்டியில் வரும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் இந்த எழவைச் செய்து கை ஓய்ந்துபோய், பக்கத்தைத் தானே நிரப்பும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று ஆளுக்கொரு விதமாக ஊர்ப்பெயரைத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அதனால் எங்கள் அலுவலகத்தில் ஊருக்குப் பெயர் கிடையாது, பட்டியலில் எத்தனையாவது என்ற எண்தான். ஸ்கிரிப்டும் அப்படியே. தாலுகாவைத் தொடும், பட்டியல் வர இரண்டு வினாடி நிற்கும், எண்ணைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கும்.

மேலாளர் என் பின்னால் வந்து நின்றார்.

"எதுக்குய்யா அது சும்மா சும்மா நிக்குது? எடுத்துடு."

"பட்டியல் வரணும் சார்."

"எல்லாம் வரும். எனக்குச் சொல்லித் தர்றியா?"

எடுத்துவிட்டேன். வயிற்றெரிச்சலோடுதான், ஆனால் எடுத்துவிட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் அஞ்செட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மேலாளரிடம் வந்து நின்றாள். அசெம்ப்ளி லைனில் வேலை. மூன்று நாளாக அவள் ஊருக்குக் கம்பெனி பஸ் போகவில்லை. சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் ஒப்பந்த ஆளை நீக்கிவிடுவார்கள்.

"மூணு நாளும் ரோட்டுல நின்னேன் சார். டிரைவருக்குப் போன் போட்டா, உன் பேரு ஜவளகிரியில இருக்குங்கறாரு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் ஊர் அஞ்செட்டி தாலுகாப் பட்டியலில் நாலாவது. அவளுக்கு முன்னால் பதிந்த ஆள் தேன்கனிக்கோட்டை தாலுகா. புதுப் பட்டியல் வருவதற்குள் ஸ்கிரிப்ட் பழைய பட்டியலிலேயே நாலாவது ஊரான ஜவளகிரியை எடுத்துவிட்டது.

மேலாளர் திரையைக் காட்டினார். "நீ எழுதிக் குடுத்ததுதாம்மா இது."

"நான் எங்கூரைத்தான் எழுதினேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்ககிட்டதான குடுத்தேன். அந்தத் தாளை எடுங்க."

தாள் என் டிராயரில்தான் இருந்தது. என் ஒப்பந்தமும் மேலாளரின் கையெழுத்தில்தான் ஓடியது.

"பாத்து எழுதணும்மா," என்றேன்.

அவள் அடையாள அட்டையைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே அந்த இரண்டு வினாடியைத் திரும்பப் போட்டேன். மேலாளர் கவனிக்கக்கூட இல்லை.