மாலகாப் பயணம் கொட்டாஞ்சேனையில் தொடங்கியது

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வெள்ளவத்தையில் வான் வண்டியில் ஏறினால் அது முழு ராகு காலம். விமானம் என்ன ராகு காலம் பார்த்தா பறக்கிறது? ஆனால் என் அக்காவிடம் இப்படிக் கதைத்துத் தப்ப ஏலாது. நல்ல நேரத்தில் ஒரு பையை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதனால் வியாழக்கிழமையே கொட்டாஞ்சேனையில் அவவின் வீட்டில் பை வைத்தாயிற்று. நான் இரண்டு பழைய சீலையைப் போட்டுக் கொடுக்கப் பார்த்தேன். அவ விடவில்லை.

"பாஸ்போட் இல்லாத பை என்ன பையடி? அது உடுப்புத் தோய்க்கப் போற பை."

எங்கள் இரண்டு பாஸ்போட்டும் அதற்குள் போயின. எயார்போட்டுக்குப் போகிற வழிதானே, எடுத்துக்கொண்டு போகலாம் என்று என் மனுசனும் தலையாட்டினார்.

பயணமே அவருக்காகத்தான். கண்ணுக்குள் அழுத்தம் கூடி அவருக்குப் பக்கப் பார்வை போய்விட்டது. மிச்சமும் கனநாள் நிற்காது, ஆசைப்பட்டதைப் பார்த்துவிடுங்கோ என்று டொக்டர் சொல்லிவிட்டார். பம்பலப்பிட்டியில் கந்தோரில் மேசை வேலை பார்த்த மனுசன், ஓய்ந்த நேரமெல்லாம் ஓவியப் புத்தகம் புரட்டினவர். காசிக்குப் போகக் கேட்பார் என்று நினைத்தேன். "மாலகா" என்றார். ஸ்பெயினில் கடலோரப் பழைய பட்டினமாம், அங்கே ஒரு மாளிகை முழுக்க ஓவியமாம். இரண்டு தரம் மறுத்த விசா மூன்றாம் தரம்தான் கிடைத்தது. இந்த விமானத்தை விட்டால் அடுத்த விசா வரும் வரைக்கும் அந்தக் கண் தாங்காது.

கொட்டாஞ்சேனையில் இறங்கினால் அக்காவின் கதவு சாத்தியிருக்கிறது. தட்டினேன், கூப்பிட்டேன். போன் எடுத்தேன். மணி வீட்டுக்குள்ளேயே அடித்தது. ஐயோ, தனிய இருக்கிற மனுசி, விழுந்து கிடக்கிறாவோ! அவர் தோளால் கதவை இடிக்கத் தொடங்கினார்.

முன்வீட்டுச் சிங்கள அம்மா யன்னலைத் திறந்தா. "அக்கா எயார்போட் கியானே! பேக் எக்கத் அரங்!"

பையையும் தூக்கிக்கொண்டு எயார்போட்டுக்கே போய்விட்டாவாம். உயிரோடு இருக்கிறா என்ற நிம்மதி ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை, கோபம் வந்துவிட்டது.

ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் லொறிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ட்ரைவர் ஹோர்ன் அடிக்கிறான், நான் அக்காவைத் திட்டுகிறேன். இவர் ஒரு கண்ணைக் கையால் பொத்தி முன்னால் நின்ற லொறியின் எழுத்தைப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணைப் பொத்தினார். என்ன தெரிந்தது என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

எயார்போட் வாசலில் அக்கா பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றா.

"போனையாவது எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமெல்லோ!" என்று கத்தினேன்.

"அவசரத்திலை விட்டிட்டு வந்திட்டன். வெளிக்கிட்ட ஆக்கள் நடுவழியிலை இன்னொரு வீட்டிலை இறங்கக் கூடாது. அதுதான் நானே கொண்டுவந்தனான். கத்தாதை, போற நேரத்திலை."

கதைக்க எங்கே நேரம்? பையைப் பறித்துக்கொண்டு ஓடினோம். பக்கத்தில் வருகிற தள்ளுவண்டி அவருக்குத் தெரியாது, என் மணிக்கட்டைப் பிடித்தபடியே இடிபட்டு இடிபட்டு வந்தார். கவுண்டரை மூடப்போன பிள்ளை எங்களைப் பார்த்துவிட்டுப் பாஸ்போட்டைக் கடைசியாக வாங்கிக்கொண்டாள்.

மாலகாவில் மறுநாள் காலையே அந்த மாளிகைக்குப் போனோம். ஒரு பெண்ணின் படத்துக்கு முன்னால் நின்றார். தலையை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், மேலே கீழே பார்த்தார். முகத்தைத் துண்டு துண்டாகத்தான் அவரால் பொறுக்கிச் சேர்க்க முடிந்தது. கிட்டப் போனார். காவலாளி ஒரு அடி முன்னால் வந்தான். இவ்வளவு தூரம் வந்து ஒன்றும் தெரியாமல் போய்விட்டால்?

"இஞ்சாருங்கோ, தெரியுதோ?"

இன்னொரு தரம் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக மூச்சு விட்டார்.

"முழுக்கப் பாத்திட்டன். போதும். இனிக் கண்ணிலை லைற்றை நூத்து இருட்டாக்கினாலும் பரவாயில்லை."

"வாயைக் கழுவுங்கோ!" என்று ஏசினேன். அதற்கு மேல் அடக்க ஏலவில்லை. காவலாளி எங்கள் பக்கம் ஓடிவருகிற அளவுக்குச் சத்தமாக அழுதேன்.