அடைப்புக்குறிக்குள் நாற்பத்தொன்பது

செய்தியாளன் என்பவன் சம்பளம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பவன். வேலை போன மறுநாளிலிருந்து சம்பளம் இல்லாமல் பதில் சொல்பவன். இருபத்து நாலு வருடம் நான் முதல் வகையில் இருந்தேன். போன ஜனவரியில் எங்கள் நாளிதழ் தன் தூத்துக்குடி அலுவலகத்தை மூடியது. நான் இரண்டாம் வகைக்கு வந்து சேர்ந்தேன்.

மனைவி கிரேஸுக்குப் பக்கத்துச் சாயர்புரத்தில் பள்ளி ஆசிரியை வேலை. மகள் தூத்துக்குடியிலேயே கல்லூரியில் இரண்டாம் வருடம். அவர்கள் ஊரை விட்டு நகர முடியாது. சென்னையில் இருக்கும் என் மச்சினன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் எனக்குக் காவல் வேலை பேசி வைத்திருந்தான். மாடிப்படிக்கு அடியில், ஜெனரேட்டரை ஒட்டி, தங்குவதற்கு ஓர் அறையும் உண்டு. மே மாதக் கடைசி வரை தவணை கேட்டிருந்தேன். அதற்குள் தூத்துக்குடியில் ஏதாவது கிடைத்தால் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் நான் மட்டும் ரயிலேற வேண்டும்.

ஐம்பதை நெருங்கும்போது கையில் கோப்போடு வரிசையில் நின்றவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. மற்றவர்கள் பொறுத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் முறையும் வரும்.

நடந்தது, நடைபெற்றது

பயோடேட்டா என்று ஒன்றை நான் அதுவரை எழுதியதில்லை. வேலைக்குச் சேரும்போது ஆசிரியர் என் கையெழுத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். இப்போது உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி, பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டைப்பிங் கடைக்குக் கொண்டுபோனேன். புயல் வெள்ளம், துறைமுக வேலைநிறுத்தம், மூன்று தேர்தல் எல்லாம் அதில் இருந்தன. பிழை ஒன்றும் இல்லை என்று நம்பிக்கையோடு கொடுத்தேன்.

கடையில் டைப் அடிக்கும் பெண் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, எல்லாம் நடந்தது, நடைபெற்றதுன்னு எழுதிருக்கீங்க. இதுல நீங்க என்ன செஞ்சீங்கன்னு ஒரு வரி கூட இல்லியே."

ஒத்திகை

டைப்பிங் கடைப் பெண் சொன்னது கிரேஸுக்குப் பிடித்துப்போயிற்று. பள்ளிவிட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தினமும் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். முதல் விதி, பதிலை 'நான்' என்று தொடங்க வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. ஆனால் இருபத்து நாலு வருடம் 'நமது நிருபர்' என்ற பெயரில் எழுதியவனுக்கு அந்த இரண்டெழுத்து நாக்கில் ஏறவில்லை. செய்தியில் 'நான்' என்று எழுதினால் எங்கள் அலுவலகத்தில் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். நானே எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் கிரேஸ், "உங்க பலவீனம் என்ன?" என்றாள். நேர்முகத் தேர்வில் கட்டாயம் கேட்பார்களாம். நான் ஒரு தாளை எடுத்து வைத்தேன். அவள் பேனாவை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "அத நான் சொல்லுதேன். நீங்க எழுதிக்கிடுங்க. ஒரு தாளு போதாது."

வெள்ளைச் சட்டை

முதல் அழைப்பு ஒரு கப்பல் முகவர் அலுவலகத்திலிருந்து வந்தது. கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். கிரேஸ் புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துத் தேய்த்துக் கொடுத்தாள். துறைமுகச் சாலையில் வெள்ளைச் சட்டையோடு பைக்கில் போகக் கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கரித்தூள் பற்றி நாலு தொடர் கட்டுரை எழுதிய எனக்கும் தெரியும். ஆனாலும் போனேன். எனக்கு முன்னால் தார்ப்பாய் சரியாகக் கட்டாத ஒரு நிலக்கரி லாரி, ரவுண்டானாவிலிருந்து கடைசிவரை போய்க்கொண்டிருந்தது.

உள்ளே போனதும் மேலாளர் என் கோப்பைத் திறக்கவேயில்லை. காலரையும் முகத்தையும் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், எனக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "நாம ஆபீசுக்குல்லா ஆளு கேட்டோம்? கரி எறக்குதவர அனுப்பி வச்சிருக்காவ."

அதற்குப் பிறகு சட்டையைப் பையில் வைத்துக் கொண்டுபோய், வாசலில் மாற்றிக்கொள்ளப் பழகினேன்.

இவருக்கு மனைவியும் ஒரு மகளும்

அடுத்தது ஒரு தனியார் மருத்துவமனை. மக்கள் தொடர்பு அலுவலர் வேலை. இரண்டு டாக்டர்கள், ஒரு தலைமைச் செவிலியர், நடுவில் கண்ணாடிக் குவளையில் தண்ணீர். சட்டை சுத்தமாக இருந்தது. "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார் பெரிய டாக்டர். ஒத்திகையில் இருபது முறை சொன்ன பதில்தான். ஆனால் வாயைத் திறந்ததும் கை பழகிய வழியில் நாக்கும் போய்விட்டது.

"செல்வின்ராஜ், வயது நாற்பத்தொன்பது. தூத்துக்குடி மூன்றாவது மைல் பகுதியைச் சேர்ந்தவர். தனியார் நாளிதழ் ஒன்றில் பணியாற்றி வந்தார். இவருக்கு மனைவியும் ஒரு மகளும் உள்ளனர்" என்று சொல்லி நிறுத்தினேன்.

செய்தியில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வயது போடுவது பெரும்பாலும் இரண்டு வகை ஆட்களுக்கு. ஒன்று கைதானவர், இன்னொன்று காலமானவர். நான் எந்த வகை என்பதைப் பெரிய டாக்டர் உடனே கண்டுபிடித்துவிட்டார்: "சார், நீங்க சொல்லுததக் கேட்டா, நம்ம ஆஸ்பத்திரியில சேத்தும் சிகிச்சை பலனில்லாமப் போன ஆளு மாதிரில்லா இருக்கு."

கேள்வி நேரம்

சரக்குப் பெட்டகங்கள் அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் நிர்வாக உதவியாளர் வேலை. மேலாளர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஸ்ரீவைகுண்டத்துக்காரர், மரியாதையானவர். பத்து நிமிடத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கடைசியில் சம்பிரதாயமாக, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா சார்?" என்றார். அது பதில் எதிர்பார்க்காத கேள்வி என்று கிரேஸ் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

"இதற்கு முன்னால் இந்த உதவியாளர் நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார்?" என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். "அதற்கு முன்னால் இருந்தவர்?" அதற்கும் சொன்னார். "அப்படியானால் தவறு ஆட்களிடமா, நாற்காலியிடமா?" என் கை தானாகப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்திருந்தது. அரை மணி நேரம் மனிதர் மனம்விட்டுப் பேசினார். முதலாளியின் கோபம், ஞாயிற்றுக்கிழமையும் வரும் போன், ஊரில் சும்மா கிடக்கும் வயல், இதையெல்லாம் விட்டுவிட்டு நடவுக்குப் போய்விடலாமா என்ற நினைப்பு. நல்ல பேட்டி. வேலையில் இருந்த நாட்களில்கூட அப்படி ஒன்று எனக்கு அமைந்ததில்லை. எழுந்து வாசல்வரை வந்தபோதுதான் அவர் முகம் மாறியது. என் குறிப்பேட்டையே பார்த்தபடி கேட்டார்: "சார், நான் சொன்னது எதுவும் பேப்பர்ல வராதுல்லா?"

மகளுக்காக

ஏப்ரலில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் தமிழ்ப் பாடக்குறிப்பு எழுத ஆள் எடுத்தார்கள். நடைகூடத்தில் முப்பது பேர், எல்லோரும் என் மகள் வயது. நாற்காலி குறைவு. விளாத்திகுளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். "உக்காருங்க அங்கிள். மகனுக்கா, மகளுக்கா?" என்று கேட்டாள். எனக்கு ஏனோ உண்மை வரவில்லை. "மகளுக்கு" என்றேன். அவள் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து என் பெயரை முழுதாக, உரக்கக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.

ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தேன். வயது அதிகம் என்று சொல்ல அவ்வளவு நேரம்தான் ஆகும். அவளைப் பார்க்காமல் படியிறங்கிவிடலாம் என்று வேகமாக நடந்தேன். பின்னாலேயே வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மகளுக்கு வேற எங்கயாவது கெடச்சிரும் அங்கிள். நீங்க மனச விட்டுராதீங்க."

திருத்தம்

மே கடைசி வாரம். மச்சினன் டிக்கெட் எடுக்கவா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது நான் விண்ணப்பம் போட்டு இரண்டு மாதமாகியும் பதில் வராத ஒரு கடலுணவு ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து, முதலாளியே பார்க்க விரும்புகிறார் என்று போன் வந்தது. முதலாளியே! கிரேஸ் அரை நாள் விடுப்பு எடுத்து, பஸ் பிடித்து வந்து, சட்டையைத் தானே தேய்த்தாள். கிளம்பும்போது, "நான்னு ஆரம்பிங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதலாளிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என் கோப்பு மேசையில் இல்லை. அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. அதை என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் நாளிதழ்தான். ஒன்பது வருடத்துக்கு முந்தைய இரங்கல் செய்தி. அவருடைய அப்பாவின் பெயர் சரியாக இருந்தது. அடுத்து, அடைப்புக்குறிக்குள் 48.

"எங்க அப்பாவுக்கு எம்பத்தி நாலு, தம்பி" என்றார். "எனக்கு அப்பமே அம்பத்தி ரெண்டு. அப்பாவ விட மகன் மூத்தவன்னு அப்பா போனதுக்குத் துட்டி கேக்க வந்தவனெல்லாம் சிரிச்சான். அம்மா மட்டும் சிரிக்கல. பேப்பர கையில வச்சிக்கிட்டே இருந்தா. நான் ஒங்க ஆபீசுக்கு வந்தேன். நாளைக்குத் திருத்தம் போடுதோம்னு சொன்னாவ. தெனமும் காலையில அம்மா பேப்பர விரிச்சிப் பாப்பா. அவ கண்ண மூடுத வரைக்கும் வரல."

எனக்கு நினைவு வந்தது. மறுநாள் அந்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது. அதற்கு மறுநாள் மறந்துவிட்டது. அச்சகத்தில் நேர்ந்த பிழை என்று சொல்லலாம். எண் மாறிவிட்டது, தவறு ஏற்பட்டது, வருந்துகிறோம் என்று சொல்லலாம். அந்த மொழி எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அந்த வேலை வேண்டும். என் வீட்டில் நான் இருக்க வேண்டும்.

"நான்தான் எழுதினேன் அண்ணாச்சி" என்றேன். "எண்ணை மாற்றிப் போட்டது நான். திருத்தம் போடுகிறேன் என்று உங்களிடம் சொன்னதும் நான். மறந்ததும் நான்தான்."

ஐந்து மாதத்தில் முதல்முறையாக அந்தச் சொல் தடங்கலில்லாமல் வந்தது. அவர் துண்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. பெரிய பாரத்தை இறக்கியவர்போல் ஒரு மூச்சு விட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா, தம்பி? வேலைக்கு ஆளு போன மாசமே எடுத்தாச்சி; இதக் கேக்கத்தான் வரச் சொன்னேன்."

இப்போது சென்னையில் ஒரு வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருவோர் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வயதுக்குக் கட்டம் இல்லாததால், இதுவரை யாருக்கும் திருத்தம் போட வேண்டி வரவில்லை.