பிராகில் ஆறு நாள், திருத்தம் ஒன்று

பிராக் என்ற பெயரைக் கேட்டாலே மங்கையர்க்கரசிக்குக் கொட்டாவி வரும். போய்ப் பார்த்து அலுத்தவள் அல்ல, எழுதி எழுதி அலுத்தவள். செகந்திராபாத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸின் மாடியில், விசா காகிதங்கள் தயாராகும் மேஜைக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்களுக்குப் பயணத்திட்டம் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. முதல் நாள் விமான நிலையத்திலிருந்து ஹோட்டல். இரண்டாம் நாள் ஒன்பதரைக்குக் கோட்டை, பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை பாலத்தில் நடை, இரண்டு மணிக்குப் பழைய கடிகாரம். இப்படி ஆறு நாள். பேரும் தேதியும்தான் ஆளுக்கு ஆள் மாறும். கோட்டையும் பாலமும் எங்கே ஓடிப்போகப் போகின்றன?

இதில் ஒரு சங்கதி உண்டு. அந்தத் திட்டத்தை யாரும் படிப்பதில்லை. விசா கொடுக்கிற அதிகாரி மட்டும் மேலோட்டமாகப் பார்ப்பார். கூடவே ஒரு ஹோட்டல் பதிவும் வைக்க வேண்டும். பணம் கட்டாமல் பதிவு செய்து, பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த மறுநாள் அதை ரத்து செய்துவிடுவாள். வாடிக்கையாளர்கள் அதற்குள் தங்களுக்குப் பிடித்த ஹோட்டலையோ, ஜெர்மனியில் இருக்கும் மச்சினன் வீட்டையோ பார்த்து வைத்திருப்பார்கள். ஊரறிந்த ரகசியம் இது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். மங்கையர்க்கரசிக்குப் போஜனமே அதில்தான் வந்தது.

ஐம்பத்திரண்டு வயது. மெட்டுகுடாவில் இரண்டு அறை வீடு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் கணவர் புருஷோத்தமன் மாலையில் வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்தவர்தான். மகள் அக்ஷதாவிடம் தமிழில் ஒன்று கேட்டால் தெலுங்கில் பதில் வரும், அதுவும் போனிலிருந்து தலையைத் தூக்காமல். மங்கையர்க்கரசியும் நாள் முழுக்க உட்கார்ந்துதான் வேலை செய்கிறாள். ஆனால் அதற்குப் பெயர் உட்காருவதா? ஒரு கையில் போன், ஒரு கையில் மௌஸ், எதிரே நாலு பேர். அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், ஐதராபாத்தில் பாதிப் பேருக்குப் பனியைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிடித்துக்கொள்ளும். மதியச் சாப்பாட்டு டப்பாவை நாலு மணிக்குத் திறப்பாள். பிராக்கும் வேண்டாம், பாரிஸும் வேண்டாம், ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று இருக்கும் அவளுக்கு. அதைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

அந்த அக்டோபரில்தான் பழனிசாமி படியேறி வந்தார். ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள்; இத்தனை வருஷமாகியும் பேச்சிலிருந்து அந்த ஊர் போகவில்லை. பின்னாலேயே மனைவி மங்களம், படிக்கு ஒரு முறை நின்று முழங்காலைத் தடவிக்கொண்டு.

"எல்லாரும் பாரிஸ் கேப்பாங்க. உங்களுக்கு எதுக்கு சார் பிராக்?" என்று கொட்டாவியை மறைத்துக்கொண்டு கேட்டாள் மங்கையர்க்கரசி.

"என்ற மெசினு அந்த நாட்டுலருந்து வந்ததுங்க. அந்தக் காலத்துல அவிங்க இன்ஜினீயருங்க வந்துதான் எங்க பேக்டரியக் கட்டி நிறுத்துனாங்க. மெசினு மேல இரும்புத் தகட்டுல அவிங்க பாசை. முப்பத்துநாலு வருசம் தெனமும் தொடச்சேன், படிக்கத்தான் தெரியல. முட்டி ஓடறப்பவே ஒருக்காப் போயி அந்த ஊரப் பாத்துட்டு வந்துரோணுங்க."

"மெசினோட பொறந்த ஊட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போறாருங்க," என்றாள் மங்களம். "என்ற பொறந்த ஊட்டுக்கு வரோணும்னா மட்டும் இவருக்கு ஒருநாளும் லீவு கெடச்சதில்ல."

மங்கையர்க்கரசி சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். வழக்கமான ஆறு நாள் திட்டத்தில் அவர்கள் பேரைப் போட்டு, ஆற்றை ஒட்டி ஒரு ஹோட்டலைப் பதிவு செய்து, 'தங்குமிடத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். பழனிசாமி திட்டத்தை அங்கேயே நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அதை அவள் கவனித்திருக்க வேண்டும். அடுத்த ஆள் அதற்குள் நாற்காலியை இழுத்துவிட்டான்.

டிசம்பரில் விசா வந்தது. வழக்கம்போல் போன் செய்து கேட்டாள்: "உங்க ஹோட்டல், பிளான் எல்லாம் ரெடியா சார்?"

"எல்லாம் ரெடிங்க. பேப்பரு பத்தரமா இருக்குதுங்க."

முதல் பாதிதான் அவள் காதில் விழுந்தது. இரண்டாம் பாதியின்போது இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் பதிவை ரத்து செய்தாள்.

இருபத்துமூன்றாம் தேதி மதியம் மூன்றரை மணி. டப்பாவைத் திறந்து ஒரு வாய் தயிர்சாதம் வைத்திருப்பாள், பழனிசாமி கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு பிளைட்டுங்க. பேப்பர்ல ஒரு சந்தேகம். ரெண்டாம் நாளு பதினொண்ணுலருந்து பன்னண்டரை வரைக்கும் பாலத்துல நடைன்னு போட்டிருக்கீங்க. பாலம் அரைக் கிலோமீட்டருதானுங்களாமா. மங்களம் என்ன மெதுவா நடந்தாலும் இருவது நிமிசம். மிச்ச நேரத்துக்கு மறுக்கா மறுக்கா நடக்கோணுங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அதெல்லாம் சும்மா போடுறது சார். உங்க இஷ்டம்போல நடங்க. எந்த ஹோட்டல்ல தங்குறீங்க? அங்கருந்து டிராம் எப்படின்னு சொல்றேன்."

"நீங்க போட்டதுதானுங்களே, ஆத்தோரத்து ஓட்டலு! பையன் ஆனந்தகுமாரு அமெரிக்காவுலருந்து கேட்டான், நான் ரூம்பு போடட்டுமான்னு. டிக்கெட்ட மட்டும் நீ எடு, மத்ததெல்லாம் மேடம் பேப்பர்ல போட்டுட்டாங்கன்னு சொல்லிட்டனுங்க."

அந்தப் பதிவைத்தான் மங்கையர்க்கரசி ரத்து செய்திருந்தாள். "கொஞ்ச நேரத்துல கூப்புடுறேன் சார்," என்று வைத்துவிட்டாள்.

நாளை இரவு எட்டு மணிக்கு அந்த இரண்டு பேரும் அங்கே இறங்குவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே விருந்து சாப்பிடும் நேரத்தில், மூட்டுவலிக்காரியைக் கூட்டிக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில், அந்த மனிதர் ஹோட்டல் வாசலில் காகிதத்தை நீட்டுவார். அப்படி ஒரு பதிவே இல்லை என்பார்கள்.

முதலாளி சுனிலிடம் போய்ச் சொன்னாள். செகந்திராபாத்திலேயே பிறந்த தமிழன். நாலு பாஷையைக் கலந்துதான் வாயைத் திறப்பான்; 'வேண்டாம்' என்பதற்கு எப்போதும் 'நக்கோ'தான். "நக்கோ மேடம், கைக்கு டென்ஷன், எதுக்கு? சைன் போட்டிருக்காரு இல்ல? லைட் தீஸ்கோ, கண்டுக்காதீங்க. வேண்டாம், இதுல போய் மாட்டிக்காதீங்க. மத்த ஃபைல் ஒம்பது நிக்குது."

கையெழுத்து இருக்கிறது என்பது உண்மைதான். டப்பாவை மூடிவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினால் அவளை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அத்தனை அலுப்பு அவளுக்கு. கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது. இருக்கைக்குத் திரும்பி வந்தாள். ஒன்பது ஃபைல்களையும் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அந்த ஆற்றங்கரை ஹோட்டலுக்கு முதலில் போன் போட்டாள்.

அங்கே இடம் இல்லை. அதற்குப் பக்கத்தில் இல்லை, அதற்குப் பின்னால் இல்லை. கிறிஸ்துமஸ் நேரத்தில் பிராகில் அறை என்பது குதிரைக் கொம்பு. இருபத்தேழு இடம் கேட்டாள். சில இடங்களில் அவள் பேசி முடிக்கும் முன்பே வைத்துவிட்டார்கள். ஒரு நாய்க்குட்டி வேண்டுமானால் தங்கும் என்கிற அளவில் மொட்டைமாடி அறை ஒன்று இருந்தது, ஐந்து மாடிக்கு லிஃப்ட் கிடையாது. மங்களத்தின் முழங்கால் ஞாபகம் வந்து அதை விட்டாள். ஆறு மணி சுமாருக்கு, டிராம் பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்ன விடுதி. ஒரு அம்மாள் எடுத்தாள், ஆங்கிலம் அரைகுறை. தரைத்தளத்தில் ஓர் அறை இருக்கிறதாம். இப்போதுதான், அரை மணி முன்னால்தான் யாரோ ரத்து செய்தார்களாம். அடிப்பாவி, எங்கேயோ ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மங்கையர்க்கரசி என்று நினைத்துக்கொண்டு அறையைப் பிடித்தாள்.

அடுத்ததுதான் கஷ்டமான வேலை. பழனிசாமிக்கு போன் செய்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அந்த ஹோட்டலை நான் கேன்சல் பண்ணிட்டேன் சார். அந்தப் பேப்பர் விசாவுக்கு மட்டும்தான். எல்லாருக்கும் அதே பேப்பர்தான் அடிப்பேன். நான் உங்ககிட்ட தெளிவா சொல்லியிருக்கணும். மன்னிச்சுடுங்க. இப்ப வேற ரூம் போட்டிருக்கேன்."

பழனிசாமி மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்தப் பேப்பரு பொய்யுங்களா?"

"ஆமா சார்."

பதினெட்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். மங்களம் போனை வாங்கினாள்.

"அம்மிணி, இவரு அந்தப் பேப்பர லேமினேசன் போட்டு வெச்சிருக்காருங்க. ஒரு மாசமா ஊட்டுக்குள்ள ஒத்திகை. ஹாலுக்கும் சமயக்கட்டுக்கும் நடுவுல பாலம்னு சொல்லி என்னைய நடக்க வெச்சு வாட்சப் பாக்கறாரு. அதான் மனுசன் பேச்சத்துப் போயி உக்காந்திருக்காரு. நீ அழுவாத கண்ணு. தலைசாய்க்க எடம் கெடச்சுதுல்ல? அது போதும்."

மறுபடி பழனிசாமி வந்தார். குரல் இறுகியிருந்தது. "மேடம், எங்க பேக்டரில டிராயிங்கு தப்பா வந்தா நாங்க தூக்கி எறிய மாட்டமுங்க. திருப்பி அனுப்புவோம். சரி பண்ணி, 'திருத்தம் ஒண்ணு'ன்னு நம்பரு போட்டு, திருத்துனவிங்க கையெழுத்தோட வரோணும். அப்பறந்தான் மெசின்ல கை வெப்போம். நீங்களும் அப்படியே அனுப்பிப் போடுங்க. நான் முழிச்சிருக்கறனுங்க."

சுனில் விளக்கை அணைக்க வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கை எரியவிட்டுப் போனான். மங்கையர்க்கரசி பழைய திட்டத்தைத் திறந்தாள். கோட்டை, பாலம், கடிகாரம். முதல் முறையாக, இதை ஒருத்தர் வரிக்கு வரி செய்யப்போகிறார் என்ற நினைப்போடு படித்தாள். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. மொத்தத்தையும் அழித்தாள்.

அந்த ஊரைப் பார்த்ததில்லையே தவிர, போய் வந்தவர்களின் புலம்பல் பதினெட்டு வருஷமாக அவள் தலைக்குள் சேர்ந்து கிடந்தது. அதிலிருந்து எடுத்து எழுதினாள். தெருவெல்லாம் கல் பாவியது, மங்களம் அம்மா ஷூதான் போட வேண்டும். இருபத்தைந்தாம் தேதி கடைகள் மூடியிருக்கும், புளிக்காய்ச்சலும் அரிசியும் சின்னக் குக்கரும் எடுத்துக்கொள்ளவும். கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும். கோட்டைக்கு ஏற வேண்டாம், டிராமிலேயே மேலே போய் இறங்கவும். பாலத்தில் பாதி வரை போய்த் திரும்பினால் போதும். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டாள், இந்த முறை ஒரு கிழவியின் நடையைக் கணக்கில் வைத்து.

மூன்றாம் நாள் மதியத்துக்கு வந்தபோது அவளால் முடியவில்லை. தலை மேஜையில் சாய்ந்துவிடும்போல் இருந்தது. இன்னொரு தேவாலயத்தையோ இன்னொரு கடைத்தெருவையோ போட மனம் வரவில்லை. '3.00 மணி: ஆற்றங்கரை பெஞ்சில் உட்காரவும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று எழுதிவிட்டு நாலாம் நாளுக்குப் போனாள். கடைசியில் 'திருத்தம் 1' என்று போட்டு, கீழே தன் முழுப் பெயரைக் கையெழுத்திட்டு, போட்டோ எடுத்து அனுப்பினாள். அந்தக் காகிதங்களில் அவள் கையெழுத்துப் போட்டதே கிடையாது.

இருபத்தைந்தாம் தேதி ஒரு வரி வந்தது: 'ரூம்பு நல்லாருக்கு. புளிசாதம்.' அவ்வளவுதான். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது, அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் மாலை ஏழரை மணி. எதிரே ஒரு குடும்பம் பிப்ரவரியில் வியன்னாவா பிராக்கா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மேடம், மூணு மணிக்குக் கரெக்டா உக்காந்துட்டமுங்க," என்றார் பழனிசாமி. குளிரில் பல் தந்தியடித்தது. "ஆறு நல்லாருக்குதுங்க. அன்னமெல்லாம் கூட மிதக்குது. ஆனா எப்ப எந்திரிக்கறதுன்னு நீங்க போடலீங்களே."

எழுந்திருக்கும் நேரம் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"போடல சார்," என்றாள். "குளிர் தாங்குற வரைக்கும் உட்காருங்க. உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அப்படிங்களா," என்றார் அவர். பின்னாலிருந்து மங்களத்தின் குரல் கேட்டது: "அதான் அம்மிணி உக்காரச் சொல்லியிருக்குதுல்ல, சும்மா உக்காருங்க." அவர் போனை அணைக்கவில்லை, மறந்துவிட்டார் போலிருக்கிறது. காற்றுச் சத்தம் வந்துகொண்டிருந்தது, எங்கோ ஒரு டிராமின் மணி, வேறு ஒன்றும் இல்லை. அந்த இரண்டு பேரும் பேசவில்லை. மங்கையர்க்கரசியும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள்.

எதிரே இருந்தவர்கள் சண்டையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். சுனில் கண்ணாடித் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தான். "மேடம், கஸ்டமர் வெயிட்டிங்."

"நக்கோ சுனில்," என்றாள் மங்கையர்க்கரசி. "உட்கார்ந்திருக்கேன்."