ஒரே ஒரு சிலிக்கான் கட்டை

வெளிநாட்டிலிருந்து வந்த சிலிக்கான் கட்டை எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சின்ன வயதில் விழுந்து மூக்குத் தண்டு உள்வாங்கிப்போன ஒரு டைப்பிஸ்ட் பெண்ணுக்கு அதைச் செதுக்கி வைப்பதாக முடிவானது. செதுக்கப்போவது நானா, என் அறைத்தோழியா? இருவரும் பயிற்சி டாக்டர்கள். சோப்பில் ஆளுக்கொரு மூக்குத் தண்டு செய்து வாருங்கள், பார்க்கலாம் என்றுவிட்டார் தலைமை மருத்துவர்.

அவள் இங்கேயே, டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், நான் மதுரைக்காரி. ரவுண்ட்ஸில் கேள்வி விழுந்தால் முந்திக்கொண்டு பதில் சொல்வது நான்தான். சிலிக்கானைப் பற்றி நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்து முடித்திருந்தேன். அவளோ ஹாஸ்டல் வராந்தாவில் வெயில் காய்ந்தபடி, ஈர விரலால் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டி, குளிக்கவாவது மிச்சம் வைப்பியா?" என்றேன்.

"அச்சா! நீ செதுக்கறதை எந்தக் கோயில்ல வைக்கப்போற?"

கேலி செய்தாலும், என்னுடையது நிஜமாகவே சிலைக்கு வைக்கலாம் போலத்தான் இருந்தது. அவ்வளவு கூர்மை.

தலைமை மருத்துவர் அதைக் கையில் எடுத்ததும் புருவத்தை உயர்த்தினார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு அவர் கைக்குட்டையைக் குழாயில் நனைத்து, இரண்டின் மேலும் இழுத்துப் போர்த்தினார். ஈரத்துணிக்கு அடியில் என்னுடையதன் விளிம்புகள் கோடு கோடாகத் துருத்தின. அவளுடையது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

"பேட்டா, ரொம்ப அழகு," என்றார் இந்தியில். "முகத்துக்கு வெளியே ஒட்டுவதானால் உன்னுடையதைத்தான் எடுப்பேன்."

கூரான விளிம்பு உள்ளிருந்தே தோலை அரித்து ஒருநாள் வெளியே வந்துவிடும். அதையும் நான் படித்திருந்தேன். அவள் படிக்கவே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆபரேஷன் தியேட்டரில் எனக்குக் கிடைத்தது, கீறிய தோலை விலக்கிக் கொக்கி பிடிக்கும் வேலை. அவள் கட்டையைச் செதுக்கிவிட்டு, "தடவிப் பாருடி, சரியா இருக்கா?" என்று நீட்டினாள். எங்கேயாவது ஒரு பிசிறு தட்டாதா என்று கையுறை விரலால் அங்குலம் அங்குலமாகத் தேடினேன். தட்டவில்லை.

"ம்."

கட்டுப் பிரிக்கும் நாளில் அவள் அவுட்பேஷண்டில் இருந்ததால் நான்தான் பிரித்தேன். டைப்பிஸ்ட் பெண் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பக்கவாட்டில் தன்னையே பார்த்துக்கொண்டாள். அழுதுவிட்டுக் கேட்டாள்: "டாக்டர், இதைச் செஞ்சது நீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தலையசைத்து மறுத்தேன்.

"அவங்களைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

அவுட்பேஷண்ட் வாசலில் நின்று, நோயாளிகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்: "ஜல்தி வாடி! உன் மூக்கு உன்னைத்தான் கூப்பிடுது!"