சாமி மாடத்தில் இருந்த கோப்பை

போனில் மோட்டார் பந்தய வீரர்களுக்கான வருடாந்திர விருது விழா ஓடிக்கொண்டிருந்தது. போன வருடச் சாம்பியன் தன் சுழற்கோப்பையை இந்த வருடச் சாம்பியனிடம் ஒப்படைத்தார்.

“குடுத்ததை ஏம்மா திரும்ப வாங்குறாங்க?” என்றாள் என் ஆறு வயது மகள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படி ஒரு கோப்பை எங்கள் வீட்டிலும் ஒரு வருடம் இருந்தது. ராமநாதபுரத்து பைக் பந்தயத்தில் அய்யா, அதாவது என் அப்பா, ஜெயித்தது. அம்மா அதைச் சாமி மாடத்தில் வைத்து, வெள்ளிதோறும் புளி போட்டு விளக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்பாள். வீடே கற்பூர வாசனையாக இருக்கும். மறு வருடம் அய்யா தோற்றார்.

“சாமிகிட்ட வச்சதை அடுத்தவுகளுக்குக் குடுப்பாகளா? நான் தரமாட்டேன்” என்றாள் அம்மா.

“ஏ புள்ள, தோத்ததைக்கூடத் தாங்கிக்கிருவேன். கப்பைக் குடுக்காம ஊரு சிரிக்க வச்சிராத.”

அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் அம்மா கோப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். அய்யா பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கையை நீட்டியும் அவள் கொடுக்கவில்லை, தானே மேடையேறினாள். ஜெயித்த பரமக்குடிக்காரர் கோப்பையில் இருந்த பொட்டைப் பார்த்து விழித்தார்.

“தம்பி, வெள்ளிக்கிழமை தவறாம விளக்கணும். கவுச்சி தின்ன கையோட தொடக்கூடாது.”

மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒரே சிரிப்பு. அய்யா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. “சரிங்கக்கா” என்று சொல்லி, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அம்மா நிமிர்ந்து நடந்து வந்து உட்கார்ந்தாள்.

“நானும் பைக் ஓட்டி கப்பு வாங்கவா?” என்றாள், கதையைக் கேட்டு முடித்த மகள்.

விழுந்துவிடுவாளோ என்று அவள் சைக்கிளின் பக்கச் சக்கரங்களை இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறவள் நான். எழுந்துபோய் ஸ்பேனரை எடுத்து வந்தேன்.