வானத்தில் மூன்று புள்ளிகள்

எதையும் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. புது மிக்ஸி வந்தால், அடியில் இருக்கும் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்த பிறகுதான் சட்னி அரைப்பேன். இந்தக் குணத்துக்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை வாங்கியபோதும் அந்தக் குணம்தான் என்னை மாட்டிவிட்டது.

ராயபுரத்தில் சர்ச் கல்யாணமும் ஞானஸ்நானமும் படம் எடுக்கிற ஒருவர், புது கேமராவுக்கு மாறியதால் பழையதை விற்கப்போகிறார் என்று நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டில் பேசிக்கொண்டார்கள். தீபாவளி போனஸ் கையில் இருந்தது. திருவொற்றியூரில் ஷிப்ட் முடிந்ததும் நேரே போய்விட்டேன். கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு: சின்னது ஒன்று, தூரத்துக்கு நீளமானது ஒன்று. பிடியில் இருந்த ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எத்தனை மாப்பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வாசலுக்கு வந்து, ஒரு சக்கரத்தைத் திருகி இருபத்திரண்டு என்ற எண்ணில் நிறுத்தி, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துக் காட்டினார். ஒரு காக்காய்கூட இல்லாத நீலம். கேமரா விற்கிற மனுஷன் ஒரு பூவையோ குழந்தையையோ எடுத்துக் காட்டக் கூடாதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "பாத்துக்கோ சிஸ்டர், உள்ள சுத்தமா கீது" என்றார். எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை. தலையாட்டினேன். லென்ஸ் மாற்றும்போது கேமராவின் வாய் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முதல் வாரம் எடுத்த படமெல்லாம் ஒன்று கரி, இல்லாவிட்டால் சுண்ணாம்பு. போனில் வீடியோ பார்த்து ஒவ்வொரு பொத்தானாக முட்டிமோதினேன். அதிகம் படுத்தியது அப்பர்ச்சர்தான். வெளிச்சம் உள்ளே வருகிற ஓட்டை அது. எண் பெரிதானால் ஓட்டை சின்னதாகுமாம். இப்படி ஏற்பாடு செய்த மகராசன் கையில் கிடைத்தால் இரண்டு கேள்வி கேட்பேன். சமையல் மேடையில் ஏழு டம்ளர்களை வரிசையாக வைத்து எடுத்துப் பார்த்தேன். எண்ணைக் குறைத்தால் முதல் டம்ளர் மட்டும் பளிச்சென்று நின்றது, மற்றதெல்லாம் கலங்கியது. எண்ணைக் கூட்டினால் ஏழாவது டம்ளரின் நெளிசல் வரை தெரிந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. காப்பி குடிக்க டம்ளர் கேட்டவர்களை விரட்டிவிட்டேன்.

எங்கள் வீடு எண்ணூரில், கரி லாரிகள் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. மொட்டைமாடியில் நின்றால் வடக்கே காட்டுப்பள்ளி கிரேன்கள் தெரியும். ஒரு ஞாயிறு சாயங்காலம் அவற்றை எடுக்கப் போனேன். தூரமும் தெளிவாக வரட்டும் என்று எண்ணை இருபத்திரண்டுக்குக் கூட்டி, சின்ன லென்ஸில் ஒரு படம் எடுத்தேன். கிரேன் குண்டூசி போல இருந்தது. நீள லென்ஸுக்கு மாற்றலாம் என்று சின்னதைக் கழற்றினேன். கழற்றியதும் உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி தெரிந்தது. விடுவேனா? கேமராவைத் தண்ணீர்ச் சொம்பு மாதிரி வானம் பார்க்கப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் நீள லென்ஸை மாட்டி, அதே எண்ணில் அடுத்த படம் எடுத்தேன்.

படத்தில் கிரேன் பெரிதாக இருந்தது. அதற்கு மேலே வானத்தில் மூன்று கரும்புள்ளிகளும் இருந்தன.

அப்போது மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள் எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா. அவள் வீட்டில் காயப்போட இடமில்லாததால் எங்கள் மாடிதான் அவளுக்கும் கொடி. ஒரு நர்சிங் விடுதியின் வெள்ளைக் கோட்டுகளை வாராவாரம் வாங்கித் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பாள். அவள் வீட்டு அடுப்பு எரிவது அந்தக் கோட்டுகளால்தான். கொஞ்ச நாளாகக் கோட்டுகளில் கரிப்புள்ளி விழுகிறது. மாதக் கடைசிக்குள் சுத்தமாக வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக வார்டன் சொல்லிவிட்டார். லாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடி ஓட்டச் சொல்லுங்கள் என்று அக்கா மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். ஆதாரம் கேட்டார்கள். அவள் போனில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என் கேமராத் திரையைப் பார்த்ததும் அக்கா கையிலிருந்த கோட்டை அப்படியே தோளில் போட்டுக்கொண்டாள்.

"இத்தான்! இத்தான் எந்துணில வுழுது. வானத்துலயே கீது பாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம்கூடப் பழகாத கேமராவில் ஒரு தெருவுக்கே சாட்சி பிடித்துவிட்டேன். வானத்தை வேறு வேறு பக்கமாக ஆறு படம் எடுத்து, பெரிதாக அச்சுப்போட்டுக் கொடுத்தேன். தெருவே பார்த்தது. ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. எங்கள் ஊரில் கரும்புள்ளி இல்லாத வானம் என்றால்தான் சந்தேகப்படுவார்கள். வருகிற திங்கட்கிழமை மனு கொடுப்பதாக முடிவானது.

சனிக்கிழமை என் புத்தி சும்மா இருக்கவில்லை. தூசு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்தால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாமே என்று, ஆறு படங்களையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். புள்ளிகள் நகரவே இல்லை. ஆறிலும் அதே மூன்று, அதே இடம்: இடது ஓரம் மேலே இரண்டு, வலது பக்கம் ஒன்று. காற்றில் பறக்கிற தூசு ஆறு தடவையும் ஒரே இடத்தில் நிற்குமா? கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குள் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு எடுத்தேன். அதே மூன்று. எண்ணைக் குறைத்து ஓட்டையைப் பெரிதாக்கினேன். புள்ளிகள் மங்கிக் காணாமல் போயின. கூட்டினேன். திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டன. புள்ளிகள் வானத்தில் இல்லை, என் கேமராவுக்குள் இருக்கின்றன.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், அரைநாள் நினைத்தேன். தூசு விழுவது உண்மைதானே, படம் பொய்யானால் என்ன? ஆனால் அலுவலகத்தில் ஒருவருக்குக் கேமரா தெரிந்திருந்தால் போதும், அக்காவின் மனு குப்பைக்குப் போய்விடும். மாலையில் வண்டியடிக்குப் போய்ச் சொன்னேன். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்தாள்.

"அப்போ எங்கோட்டுல வுழுந்தது இன்னா, உன் பொட்டிலர்ந்து வந்து வுழுந்துச்சா?"

அவ்வளவுதான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளே ஒரு புது வெள்ளைப் போர்வையை மாடியில் கட்டினாள். சாயங்காலம் ஐந்து மணி வரை, மணிக்கு ஒரு தரம் அதைக் கிட்டத்தில் படம் எடுத்தேன். இந்த முறை என் புள்ளிகள் தெரியாதபடி ஓட்டையைப் பெரிதாகவே வைத்துக்கொண்டேன். போர்வையில் விழுந்த புள்ளிகள் மட்டும் படத்துக்குப் படம் கூடிக்கொண்டு போயின.

திங்கட்கிழமை அதிகாரி படங்களைப் பார்த்தார், போர்வையை விரித்தும் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். பகல் முழுக்க வெளியே கட்டிவைத்தால் எந்த ஊரிலும் தூசு படியத்தான் செய்யும் என்றார். மனுவின் ஓரத்தில் "கவனிக்கப்படும்" என்று எழுதினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா போர்வையை மடியில் வைத்துத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டே வந்தாள். மாதம் முடிய இரண்டு வாரம்கூட இல்லை.

என் கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டும். ராயபுரத்துக்குப் போய், அழுக்குக் கேமராவை என் தலையில் கட்டிவிட்டீர்களே என்று சண்டைக்கு நின்றேன். அவர் மெமரி கார்டைக் கேட்டார். நான் ஒரு படத்தையும் அழிப்பதில்லை. அவர் எடுத்த முதல் படத்தைத் திறந்தார். இருபத்திரண்டில் எடுத்த வெறும் நீலம், புள்ளியே இல்லை. உள்ளே தூசு இருந்தால் அந்த எண்ணில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் விற்கிறவர்கள் வானத்தை எடுத்துக் காட்டுகிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது.

அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். சின்ன லென்ஸில் எடுத்த கிரேன் படம் சுத்தம். அதற்கு அடுத்தது, நீள லென்ஸில் எடுத்தது. அதில் மூன்று புள்ளிகள். ஒரு பொத்தானை அழுத்த, இரண்டு படங்களும் எடுத்த நேரம் வந்தது. நடுவில் முப்பத்தெட்டு விநாடி. கேமராவை எப்படிப் பிடித்து மாற்றினாய் என்று கேட்டார். சொம்பு மாதிரி பிடித்துக் காட்டினேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு டார்ச் அடித்து, கேமரா வாயின் உள்விளிம்பில் இருந்ததை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். நாலைந்து துகள். விரலால் தேய்த்ததும் மை தீட்டிய மாதிரி கருப்புக் கோடு விழுந்தது. உள்ளே இருப்பதையும் ஊதி எடுத்துவிடலாம் என்று ரப்பர் பந்தை எடுத்தார். நான் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன். இப்போது வேண்டாம் அண்ணே, அது சாட்சி என்றேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அடுத்த திங்கட்கிழமை அதே மேசையில் இரண்டு கிரேன் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். புள்ளி கேமராவுக்குள் இருக்கிறது என்பதை நானே முதலில் சொன்னேன். லென்ஸ் கழற்றிய கதையை, என் முட்டாள்தனம் உட்பட, விவரமாகச் சொன்னேன். கேமராவின் கடிகாரம் சரியா என்று அதிகாரி கேட்டார். என் போனோடு ஒத்துக் காட்டினேன். காகிதத்தில் இருந்த கருப்புக் கோட்டையும் பார்த்தார். அப்புறமும் தயங்கினார். அக்கா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், இந்தப் பொட்டி அர நிமிசந்தான் தொறந்து இருந்துச்சு. எங்கோட்டு ஒம்போது மணி நேரம் தொங்குது. நீங்களே ரோசன பண்ணுங்க."

அதிகாரி அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய மனுவை எடுத்து, தான் எழுதிய "கவனிக்கப்படும்" மேல் ஒரு கோடு போட்டார். கீழே ஆய்வு செய்யும் தேதியைக் குறித்தார்.

ஆய்வுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு தார்ப்பாயோடு லாரிகள் போகத் தொடங்கின. எல்லாம் இல்லை, முக்கால்வாசி. மாதக் கடைசியில் வார்டன் கோட்டுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த மாத மூட்டையையும் அக்காவிடமே கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை, அவளுக்கு மூட்டையை ஊறப்போடும் வேலை இருந்தது.

கேமராவைச் சுத்தம் செய்யக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முன்னால் தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னாள் அக்கா. மாடியில் காயும் கோட்டுகளுக்கு முன்னால், இடுப்பில் கை வைத்து நின்றாள். முகம் நன்றாக வரட்டும் என்று நான் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்த மூணு புள்ளியும் வருமில்ல?" என்று கேட்டாள்.

எண்ணை இருபத்திரண்டில் வைத்து எடுத்தேன்.