ஒரு பெயரை அழித்தால் எத்தனை பில் போகும்?

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என் கையில் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, “இதுதான் பில், மிஸ்” என்றார்.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் வெள்ளை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்... ஒரு எழுத்துக்கூட இல்லை. கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தால், அழுதுவிடுவார் போலிருந்தது.

இடம், மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட்வேர் கடை. அங்கே பில் போடும் கம்ப்யூட்டர் சிஸ்டத்தைச் செய்து கொடுத்தது நான்தான். காலையில் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் வகுப்பு, மீதி நேரத்தில் ஊர்க் கடைகளுக்கு இந்த வேலை என்று என் பிழைப்பு ஓடுகிறது. அன்றைக்கு மவுஸ் வேலை செய்யவில்லை என்று முதலாளி கூப்பிட்டிருந்தார். போன இடத்தில்தான் இந்த வெள்ளைத் தாள்.

வந்தவர் பெயர் சோமாவதி. லக்கல பக்கம் ஒரு கிராமம். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். அவர் பேசியது சிங்களத்தில், நான் தமிழில் எழுதுகிறேன். அவருடைய கணவர் ஜயசேன போன வருடம் இந்தக் கடையில் ஒரு வாட்டர் பம்ப் வாங்கினாராம். நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். போன வாரம் யானை வந்து, நெல் மூட்டை வாசனைக்குக் கொட்டிலை இடித்து, உள்ளே இருந்த பம்பையும் மிதித்து நாசமாக்கிவிட்டுப் போயிருக்கிறது. அரசாங்கத்திடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பில் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“மிளகாய்க் கன்னு எல்லாம் வாடுது மிஸ். பம்ப் இல்லாட்டி இந்தப் போகமே போயிரும்” என்றார்.

பில்லை அவர் தொலைக்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அது சின்ன மெஷினில் வரும் வழவழப்பான தாள். நாளாக நாளாக எழுத்து தானாகவே வெளுத்துப்போகும். அந்த மெஷினை வாங்கச் சொன்னதும் நான்தான்!

“ஒண்ணும் யோசிக்காதீங்க அக்கா. தாளுதான் போச்சு, கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கு. ரெண்டு நிமிசம்” என்றேன். எவ்வளவு தைரியம் பாருங்கள்.

ஜயசேன என்று தட்டினேன். அப்படி ஒரு கஸ்டமர் இல்லை. போன் நம்பரைக் கேட்டுத் தட்டினேன். இல்லை. சரி, வாங்கிய மாதத்தின் ஓடர்களை வரிசையாகப் பார்ப்போம் என்று திறந்தேன். நானூற்றுப் பதினேழு... அடுத்து நானூற்றுப் பத்தொன்பது.

பதினெட்டு எங்கே?

ஓடர் நம்பர் தானாக விழுவது. விட்டுப்போக வழியே இல்லை. “முதலாளி, யாராச்சும் இதுல கை வச்சாங்களா?” என்று கத்தியே விட்டேன்.

முதலாளி நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஜயசேனவா? அவரு தவறிட்டாரே டீச்சர். நாந்தான் பேர எடுத்தேன்.”

“எடுத்தீங்களா? ஏன்?”

“ஏன்னா என்ன? பொங்கல், வெசாக், வருசப் பொறப்புன்னு ஒங்க மெஷின் எல்லாருக்கும் பேரு போட்டு வாழ்த்து அனுப்புதுல்ல? ரெண்டு வருசத்துக்கு முன்ன, செத்து எட்டு நாளு ஆகாத மனுசனுக்கு ‘மீண்டும் வருக’ன்னு மெசேஜ் போயிருச்சு. அந்த வீட்டுப் பொம்பளப் புள்ள போன்ல அழுத அழுகை... அன்னையிலேர்ந்து யாரு வீட்டுல மரணம்னாலும் போயி தலையக் காட்டிட்டு, வந்து குளிச்சிட்டு, மொத வேலையா பேர எடுத்துருவேன்.”

அவர் முகத்தில் தப்புச் செய்த சாயலே இல்லை. மரியாதையான ஒரு காரியம் செய்த பெருமைதான் இருந்தது. தப்பு யாருடையது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

கொஞ்சம் விளக்குகிறேன், பயப்படாதீர்கள். கடைக் கணக்கை கம்ப்யூட்டரில் டேபிள் டேபிளாக, அதாவது தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்துத்தான் வைப்போம். கஸ்டமருக்கு ஒன்று, ஓடருக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று. ஒருவருடைய பெயரும் விலாசமும் கஸ்டமர் டேபிளில் மட்டும்தான் இருக்கும். ஓடரில் அவருடைய கஸ்டமர் நம்பர் மட்டும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதாதே... வகுப்பில் நான் நடத்தும் முதல் பாடமே இதுதான்.

இந்த டேபிள்களை இணைக்கும்போது ஒரு கேள்வி வரும். கஸ்டமரை யாராவது அழித்தால் அவருடைய ஓடர்களை என்ன செய்வது? அழிக்கவே விடாதே என்று சொல்லலாம். அல்லது, அவரோடு சேர்த்து எல்லாவற்றையும் அழித்துவிடு என்று சொல்லலாம். சொந்தக்காரர் இல்லாத ஓடர் எதற்கு, டேபிள் சுத்தமாக இருக்கட்டும் என்று நான் இரண்டாவதைப் போட்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தைதான். அதைப் போட எனக்கு ஒரு வினாடிகூட ஆகியிருக்காது.

முதலாளி அழித்தது ஒரு பெயரை. அதோடு ஓடர் போனது, பில் போனது, பம்பின் சீரியல் நம்பர் போனது. ஜயசேன என்று ஒருவர் அந்தக் கடைப் படியை மிதித்ததற்கே அடையாளம் இல்லை.

“இது வரைக்கும் எத்தனை பேர எடுத்திருப்பீங்க?”

விரல் விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்தது. மறு கையும் முடிந்தது. “பதினோரு பேரு இருக்கும் டீச்சர்.”

பதினோரு பேர்!

சோமாவதிக்கு முதலாளி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “மனுசன் செத்தா, அவரு வாங்கினதும் வாங்காததா ஆயிருமா மிஸ்?”

பதினைந்து வருடமாக இதே பாடத்தை நடத்துகிறேன். ஒரு மாணவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். தினமும் எடுக்கிறோம்! ஒரே பென் டிரைவில், நேற்றையதன் மேல் இன்றையதாக. ஜயசேன இல்லாத கணக்கை நான்கு மாதமாகப் பத்திரமாகப் பிரதி எடுத்திருக்கிறோம். என்ன சொல்ல!

அப்போதுதான் என் பழைய லேப்டாப் நினைவுக்கு வந்தது. இந்த வருடத் தொடக்கத்தில் சிஸ்டத்தில் ஒரு திருத்தம் செய்யும்போது, கடைக் கணக்கு முழுவதையும் அதில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அழித்தேனா, வைத்திருக்கிறேனா? ஞாபகமில்லை. சோமாவதிக்கு ஊருக்குத் திரும்ப இரண்டரை மணிக்கு ஒரு பஸ்தான். மணி ஒன்றே கால். த்ரீவீலரைப் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். உயிர் போகிற நிலையில் இருக்கும் அந்த லேப்டாப் திறந்து வருவதற்குள் கும்பிடாத சாமி இல்லை.

இருந்தது. நானூற்றுப் பதினெட்டு. ஒரு வாட்டர் பம்ப், நூறு அடி குழாய், இரண்டு கிளிப்.

திரும்பி வந்து, இந்தத் தடவை பெரிய தாளில், பெரிய பிரிண்டரில் எடுத்தோம். சீல் குத்தப் போன முதலாளி கையை நிறுத்தி, “பேர மாத்தி ஒங்க பேருல போட்டுத் தரவா?” என்று கேட்டார்.

“வேணாம். அவருதானே வந்து வாங்கினாரு. அவரு பேரே இருக்கட்டும்.”

இரண்டு இருபதுக்குச் சோமாவதி கிளம்பினார். பஸ்ஸில் ஏறியதை முதலாளி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பழைய பிரதியிலிருந்து ஒன்பது பேரை மீட்டுவிட்டேன். அந்தப் பிரதிக்கு முன்பே அழிந்த இரண்டு பேர் போனது போனதுதான். டேபிளையும் மாற்றிவிட்டேன். இனி கஸ்டமரை அழிக்க முடியாது. வாழ்த்து அனுப்பலாமா, வேண்டாமா என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கும். பெயரும் விலாசமும் பில்லிலேயே இன்னொரு தடவை பதிந்துவிடும். ஆமாம், இரண்டு இடத்தில்தான்! பில் என்பது அன்றைக்கு நடந்தது. நடந்ததைப் பிறகு யாரும் மாற்றக் கூடாது. என் முதல் பாடத்தையும் திருத்த வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பதற்கு எத்தனை யோசனை செய்கிறோம்! அவர்கள் போனால் என்ன செய்வது என்று மட்டும் யோசிப்பதே இல்லை. நான் ஒரு வினாடி யோசித்திருந்தால் போதும்.

இவ்வளவும் முடித்து, டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் அடுத்த இடி. இதே டேபிள்களை இன்னும் ஆறு கடைகளுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

டீயை அப்படியே வைத்துவிட்டு, முதலில் ஒரு மளிகைக் கடைக்குப் போன் போட்டேன். “முதலாளி, அவசரம். ஒங்க கஸ்டமருங்கள்ல இதுவரைக்கும் எத்தனை பேரு செத்துப் போயிருக்காங்க?”

மளிகைக் கடைக்காரர் நடுங்கும் குரலில் கேட்டார்:

“எங்க கடைச் சாமான் சாப்பிட்டா, டீச்சர்?”